தண்ணீர் வருமுன் காட்டை எண்ணக் கிளம்பிய ஜானகி அம்மாள்

ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருப்பீங்க? ஸ்கூல் டூர் ஒண்ணு, காலேஜ் ஐ.வி. முடிஞ்சு திரும்புற வழியில ஒண்ணு, செமஸ்டர் லீவுல பைக்குல நாலஞ்சு பேரா ஒண்ணு. பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, கையில ரெண்டு பாக்கெட் வர்க்கி. கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க அவலாஞ்சி பக்கம் போவாங்க. அதையும் தாண்டி அப்பர் பவானி, அதுக்கும் மேற்கே போனா மலை சட்டுன்னு முடிஞ்சு கேரளாப் பக்கம் சரியுது. நீலகிரியின் அந்தத் தென்மேற்கு மூலைக்குக் கீழே கிடக்கிற காட்டுக்குத்தான் சைலன்ட் வேலி என்று பெயர்.

வரைபடத்தில் அது பாலக்காடு மாவட்டம். ஆனால் மலைக்கு மாவட்ட எல்லையெல்லாம் தெரியாது. அந்த உச்சியில் விழும் மழையில் ஒரு பங்கு குந்திப்புழையாக மேற்கே ஓடி பாரதப்புழையில் சேர்கிறது. இன்னொரு பங்கு பவானியாகக் கிழக்கே திரும்பி, அட்டப்பாடி வழியாக மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. நீங்க கோயம்புத்தூர்ல படிக்கிறவரா இருந்தா, பில்லூர் தண்ணின்னு குடிக்கிறீங்களே, அது இந்தப் பவானிதான்.

1970களில் குந்திப்புழையின் குறுக்கே ஒரு நீர்மின் அணை கட்டத் திட்டம் போட்டார்கள். காட்டின் நடுப்பகுதி ஏரியாகிவிடும் என்ற நிலை. கேரளம் முழுக்கக் கூட்டம், கவிதை, வழக்கு, துண்டறிக்கை என்று அமர்க்களப்பட்டது. அந்த நேரத்தில் சென்னையிலிருந்து, கிட்டத்தட்ட எண்பது வயதான ஒரு பெண்மணி, அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணப் போகிறேன் என்று கிளம்பினார். அவர்தான் இ.கே. ஜானகி அம்மாள்.

மூழ்கப்போற காட்டுல குரோமோசோமை எண்ணி என்ன ஆகப்போகுதுன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு. பதில் அவருடைய வாழ்க்கையில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா வாங்க.

1897 நவம்பர் 4, தலசேரி. அப்போது அது சென்னை மாகாணம். அப்பா சப் ஜட்ஜ், திவான் பகதூர் இ.கே. கிருஷ்ணன். வேலை நீதிமன்றத்தில், மனசு தோட்டத்திலும் பறவைகளிடமும். வட மலபாரின் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற அளவுக்குப் பைத்தியம். அம்மா தேவி, திருவிதாங்கூரில் ரெசிடென்டாக இருந்த ஜான் சைல்ட் ஹானிங்டன் என்ற வெள்ளைக்காரருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவருக்கும் பிறந்தவர். அப்பாவின் இரண்டு மனைவியருக்குமாக மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். இரண்டாம் மனைவியின் பத்தாவது பிள்ளை ஜானகி. குடும்பம் தீயர் சமூகம். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டது, ஆனால் வட மலபாரில் தாய்வழி மரபு உள்ளது. அக்காக்களுக்கு வரிசையாகக் கல்யாணம் நடந்தது. இவருக்கும் உறவுக்குள்ளேயே மாப்பிள்ளை தயாராக இருந்தார். இவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

சென்னை ராணி மேரிக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ், அப்புறம் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அங்கிருந்து பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். கப்பலில் போய் இறங்கியதும் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீளமான கூந்தல், பட்டுப்புடவை. அதைப் பார்த்த காவலர் ஒருவர் இந்திய இளவரசியா என்று விசாரித்தாராம். இவர் இல்லை என்று மறுக்கவே இல்லை, அவ்வளவுதான், உள்ளே விட்டுவிட்டார்கள். பின்னாளில் குடும்பத்தாரிடம் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. 1931இல் அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். இந்தியாவில் பெரும்பாலான பெண்கள் கையெழுத்துப் போடத் தெரியாமல் இருந்த காலம் என்பதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பேராசிரியர். 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம். இங்கேதான் நம்ம ஊர்க் கதை ஆரம்பம்.

அந்தக் காலத்தில் நல்ல இனிப்பான கரும்பு என்றால் அது கிழக்கே தீவுகளிலிருந்து வந்த தடித்த ரகம்தான். ஆனால் நம் வெயிலுக்கும் நோய்க்கும் அது தாங்காது. நம் ஆற்றங்கரைகளில் தானாக வளரும் பேய்க்கரும்பு எதையும் தாங்கும், ஆனால் அதில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. இரண்டையும் கலந்து நம் மண்ணுக்கேற்ற ரகங்களை உருவாக்குவதுதான் கோவை நிலையத்தின் வேலை. பார்பரும் வெங்கட்ராமனும் அதை ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள். ஜானகி அம்மாள் உள்ளே வந்து, எதை எதோடு சேர்த்தால் ஏன் சேருகிறது என்பதைக் குரோமோசோம் கணக்கோடு சொல்ல ஆரம்பித்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தார், கரும்பையும் சோளத்தையும் கலந்தார். பேய்க்கரும்பு எந்தெந்த ஊரில் எத்தனை குரோமோசோமோடு வளர்கிறது என்று பார்த்து, அதன் பூர்வீகம் இந்தியாதான் என்று காட்டினார். யாரும் பயிர் என்றே மதிக்காத ஒரு புல்லில்தான் நாட்டின் சர்க்கரை நிற்கிறது என்ற பாடம் அவருக்கு அங்கே கிடைத்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வேலை நன்றாக நடந்தது, வாழ்க்கை அப்படி இல்லை. தனியாக வாழும் பெண், அதிலும் 'கீழே' வைக்கப்பட்ட சாதி, அதிலும் அமெரிக்க டாக்டர் பட்டம். சக ஆண்களுக்கு இது மூன்றுமே உறுத்தியது. 1935இல் சி.வி. ராமனின் இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, ஆனாலும் அலுவலகத்துக்குள் நிலைமை மாறவில்லை.

1939 ஆகஸ்ட். எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. ஜானகி அம்மாள் அதற்குப் போயிருந்தார். அதற்குத் தலைமை தாங்க வேண்டியவர் ரஷ்யாவின் நிக்கோலாய் வாவிலோவ். உலகம் பூராவும் சுற்றி விதை சேகரித்தவர். அவரை ஸ்டாலின் அரசு வரவே விடவில்லை. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே பிரதிநிதிகள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்த நாட்டுக்கு ஓட ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் போர் மூண்டது. ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே மாட்டிக்கொண்டார்.

லண்டனின் தெற்கே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்ஸ் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ராத்திரி ஜெர்மன் விமானம் குண்டு போடும்போது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாராம், காலையில் போய் ஷெல்ஃபில் விழுந்து கிடக்கும் உடைந்த கண்ணாடியைத் தள்ளிவிட்டு மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்துவிடுவாராம். இந்தியாவிலிருந்து புடவை மடிப்புக்குள் ஒளித்து ஒரு அணில் குஞ்சைக்கூட அங்கே கொண்டுபோய் வளர்த்தார் என்பார்கள். நம்புறது உங்க இஷ்டம், எனக்கு நம்பப் பிடிக்குது.

அந்த வருடங்களில் உலகத்தில் செடிகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாவிலோவ் கைது செய்யப்பட்டு 1943இல் சிறையிலேயே செத்தார். அவர் லெனின்கிராட்டில் சேர்த்து வைத்த விதைகளை, நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, அவருடைய சகாக்கள் காவல் காத்தார்கள். பக்கத்தில் மூட்டை மூட்டையாக நெல்லும் நிலக்கடலையும் இருக்க, அதைத் தொடாமல் பசியால் இறந்தவர்கள் அவர்களில் உண்டு. 1942இல் ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும், உலகத்துக்கு வந்துகொண்டிருந்த குயினைன் பெரும்பாலும் நின்றுபோனது. மலேரியா மருந்துக்கு எங்கே போவது? ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் நடுவட்டம் வருமே, அங்கே 1860களிலிருந்து அரசாங்கம் வளர்த்துவந்த சிங்கோனா மரங்களுக்கு மறுபடி மதிப்பு ஏறியது. குன்னூருக்கு மேலே அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. நீலகிரின்னா குளிர், ஹனிமூன், சினிமாப் பாட்டுன்னுதானே நமக்குத் தெரியும். ஒரு சாம்ராஜ்யம் போருக்குப் போகும்போது அதுக்கு மருந்தும் வெடிமருந்தும் அனுப்பின மலை அது.

அதே 1942இல் பர்மா விழுந்தது, அங்கிருந்து அரிசி வருவது நின்றது. அதிக உணவு பயிரிடு என்று அரசாங்கம் இயக்கம் தொடங்கியது. அடுத்த வருடமே வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். சோறு இல்லாதபோது சும்மா கிடக்கும் நிலத்தையெல்லாம் உழு என்பது நியாயமாகத்தான் பட்டது. எது சும்மா கிடக்கும் நிலம் என்று முடிவு செய்வது யார் என்ற கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை.

ஜானகி அம்மாள் லண்டனில் செய்துகொண்டிருந்த வேலையும் ஒரு வகையில் எண்ணுவதுதான். சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து, மனிதன் பயிரிடும் செடிகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை குரோமோசோம் என்ற பெரும் பட்டியல். பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் என்று 1945இல், போர் முடிந்த அதே வருடம் வெளிவந்தது. வெறும் டேட்டாபேஸ்தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு செடியின் குரோமோசோம் எண்ணிக்கையும் அது எங்கே வளர்கிறது என்பதும் தெரிந்தால், அது எங்கிருந்து கிளம்பியது, யாரோடு நடந்தது, வழியில் எதோடு கலந்தது என்று கதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். மனிதர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டிருந்த ஆறு வருடமும் அவர் உட்கார்ந்து செய்தது இந்தக் குடும்ப வரலாறு எழுதும் வேலை.

போர் முடிந்ததும் விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைக் கழகத் தோட்டத்தில் சேர்ந்தார், அங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி. கோல்ச்சிசின் என்ற மருந்தைப் பயன்படுத்தி மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டு பக்கமாக இழுபடுவதை இது தடுத்துவிடும், அப்போது காப்பி எடுத்தது எல்லாம் ஒரே செல்லில் தங்கிவிடும். இலை தடிக்கும், பூ பெரிதாகும். இந்தக் கோல்ச்சிசின் நம்ம செங்காந்தள் கிழங்கிலும் இருக்கிறது. ஆமா, தமிழ்நாட்டு அரசு மலர்தான், விஷம், ஜாக்கிரதை. அவர் விதை போட்டு வளர்த்த மக்னோலியாக்களில் ஒன்று அவர் பெயரோடு விஸ்லி மேட்டில் இன்றைக்கும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது.

அங்கேயே ரோடோடென்ட்ரான் இனங்களை எடுத்து வரிசையாகக் குரோமோசோம் எண்ணினார், 1950இல் அந்தப் பட்டியல் வெளிவந்தது. ரோடோடென்ட்ரான்னா ஏதோ இமயமலைச் செடின்னு தள்ளிடாதீங்க. அவலாஞ்சி சோலைக்காட்டு ஓரத்துல, புல்வெளியில தனியா வளைஞ்சு நெளிஞ்சு நின்னுக்கிட்டு ரத்தச் சிவப்பா பூக்குமே, காட்டுப்பூவரசு, அதுவும் ரோடோடென்ட்ரான்தான். அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் எல்லாம் இமயமலையில் இருக்கிறார்கள், நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லை. குளிர் அதிகமாக இருந்த ஒரு காலத்தில் தெற்கே பரவி, வெயில் ஏறியதும் மலை உச்சிகளில் ஒதுங்கிப்போனது என்பார்கள். அந்த மலை உச்சியில் நம் காலத்தில் முதலில் தேயிலை வந்தது, பிறகு சீகை மரம், யூகலிப்டஸ். ஒரு புல்வெளியைத் தரிசு என்று ஏட்டில் எழுதிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும்.

1951இல் நேரு கூப்பிட்டார். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைத் திருத்தி அமைக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர் பார்த்தது ஒரு புதிய நாடு, அதே பழைய போர்க்கால அவசரம். அதிக உணவு இயக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. தானியத்துக்காகக் காடு கழனியாகிக்கொண்டிருந்தது. ஷில்லாங்கிலிருந்து முப்பத்தேழு மைல் பயணம் செய்து, அந்தப் பகுதியிலேயே மிச்சம் இருந்த ஒரே ஒரு மக்னோலியா கிரிஃபித்தி மரத்தைப் பார்க்கப் போனார். அதை எரித்துவிட்டிருந்தார்கள். அந்த மரம் எத்தனை குரோமோசோமோடு நின்றிருந்தது என்று இனி எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. இதை அவர் டார்லிங்டனுக்குக் கடிதத்தில் எழுதினார்.

இன்னொரு சண்டையும் இருந்தது. இந்தியச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏன் லண்டன் கியூ தோட்டத்துக்கு ஓட வேண்டும், இந்தியச் செடி இந்தியாவில் இந்தியர்களால் சேகரிக்கப்பட்டு இங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1954இல் கியூ பாணியில் பழகிய ஒருவரையே மதிப்பாய்வகத்தின் தலைவராக்கினார்கள், அந்த வருத்தம் அவருக்குத் தீரவே இல்லை.

1955 ஜூன். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஒரு மாநாடு. பூமியின் முகத்தை மாற்றுவதில் மனிதனின் பங்கு என்பது தலைப்பு. சுற்றுச்சூழல் என்ற சொல் செய்தித்தாளில்கூட வராத காலம், ரேச்சல் கார்சனின் புத்தகம் வர இன்னும் ஏழு வருடம் இருந்தது. சுமார் எழுபது பேர் கலந்துகொண்டார்கள், அவர்களில் ஒரே ஒரு பெண், ஜானகி அம்மாள். தலைப்பிலேயே ஆங்கிலத்தில் 'மேன்' என்றுதான் போட்டிருந்தார்கள் என்பதையும் கவனிக்கணும்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட விஷயம் இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம், அதாவது சந்தைக்கு இல்லாமல் வயிற்றுக்காகச் செய்யும் விவசாயம். பழங்குடிகளிடம் இருக்கும் உள்ளூர்ச் செடி அறிவு, தாய்வழிச் சமூகங்களில் சொத்தையும் வீட்டுச் செடிகொடிகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெண்களிடம் இருந்தது, மொத்த மொத்தமாகத் தானியம் விளைவிக்கும் வேகத்தில் இது அத்தனையும் போகிறது, இதுதான் சாரம். தலசேரித் தாய்வழிச் சமூகத்தில் பிறந்த பெண்ணுக்கு இது புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை.

நீலகிரியை வைத்து யோசித்தால் இது இன்னும் எளிதாகப் புரியும். ஒரு காலத்தில் படகர் வயலில் சாமையும் கேழ்வரகும் விளைந்தன. சரிவுகளில் இருக்கும் இருளர், குறும்பர் பெண்களுக்கு எந்தக் கீரை எந்த மாசம் தின்னலாம், எந்தக் கிழங்கை எப்படி வேகவைத்தால் விஷம் போகும் என்பது தெரியும். தோடர்களுக்குப் புல்வெளியில் எந்தப் புல் எருமைக்கு, எது கூரைக்கு என்று தெரியும். தேயிலை வந்த பிறகு அதே மலையில் பெண்கள் என்றால் முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கிறவர்கள் என்றாகிவிட்டது. வேலை அதே கைதான் செய்கிறது. நூறு செடி தெரிந்த கைக்கு இப்போது ஒரே ஒரு செடி, ரெண்டு இலை ஒரு மொட்டு. அதற்குக் கூலி கிலோ கணக்கில். இதைச் சொல்வதால் தேயிலைத் தோட்டம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை, அதை நம்பி அங்கே எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கில் கழிந்துபோனது எது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும் இல்லையா?

சூழல் பெண்ணியம் என்று இன்றைக்கு இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 1974இல் பிரான்ஸ் நாட்டுப் பெண் எழுத்தாளர் பிரான்சுவாஸ் தொபோன் அந்தச் சொல்லை உருவாக்கினார். அதே வருடம் மார்ச்சில்தான் இமயமலை ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினார்கள். ஜானகி அம்மாள் பிரின்ஸ்டனில் பேசி அப்போது பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்காக அந்தப் பட்டத்தை அவர் தலையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் அப்படித் தன்னை அழைத்துக்கொண்டதில்லை. தவிர, அவர் வாழ்க்கை அவ்வளவு நேர்கோடும் இல்லை. 1969இல் யூகலிப்டஸில் பலமடங்கு குரோமோசோம் உண்டாக்குவது எப்படி என்று ஆய்வுக் கட்டுரை எழுதியவரும் இவர்தான். நீலகிரிப் புல்வெளிகளை மூடிய அதே யூகலிப்டஸ். அதிகமா, பெருசா, வேகமா என்று கேட்ட விஞ்ஞானத்துக்குள் இருந்துகொண்டே, அதற்கு விலையாக என்ன போகிறது என்றும் கணக்கு எடுத்தவர். இரண்டும் சேர்ந்ததுதான் அவர்.

ஓய்வு பெற்ற பிறகு 1970இல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தில் கௌரவ விஞ்ஞானி, மதுரவாயலில் இருந்த கள ஆய்வகத்தில் வாசமும் வேலையும். மதுரவாயல்னா உங்களுக்கு பைபாஸ் டிராஃபிக் ஞாபகம் வரும். அப்போது அங்கே அவர் மூலிகைத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கூடவே நிறையப் பூனைகள், மஞ்சள் நிறப் புடவை. 1977இல் பத்மஸ்ரீ வந்தது.

இப்போது மறுபடி குந்திப்புழைக்கு வருவோம். அந்த இடம் அணைக்கு ஏற்றது என்று 1920களின் கடைசியிலேயே பார்த்து வைத்திருந்தார்கள். 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. முதலில் 120 மெகாவாட், பிறகு 240 வரை ஏற்றலாம். மலபார் பக்கம் மின்சாரமும் பாசனமும் குறைவு, வேலைவாய்ப்பும் இல்லை, ஆகவே திட்டம் போட்டவர்களை வில்லன்களாகப் பார்க்கத் தேவையில்லை. சிவில், இ.இ.இ. படிக்கிறவங்க யாராவது அந்த டிராயிங்கைப் பார்த்தா அருமையான சைட்டுன்னுதான் சொல்லுவீங்க: ஒடுக்கமான பள்ளத்தாக்கு, நல்ல உயரம், வருஷம் பூரா தண்ணி. மூழ்குவதும் சுமார் 830 ஹெக்டேர்தான், மொத்தக் காட்டில் சின்னப் பங்கு என்றார்கள். அந்தச் சின்னப் பங்கு எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். பள்ளத்தாக்கின் அடிவாரம், ஆற்றின் இரு கரை, சிங்கவால் குரங்குகள் வாழும் பழைய மழைக்காடு. உடம்பில் இதயம் எத்தனை சதவீதம் என்று எடை போட்டுப் பார்ப்பது மாதிரி.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. கவிஞர் சுகதகுமாரி காட்டுக்காகக் கவிதை எழுதி மேடை ஏறினார். மரம் என்ன ஓட்டா போடப் போகிறது, குரங்கா முக்கியம் மனுஷனா முக்கியம் என்று எதிர்ப்பக்கம் கேலி. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஜானகி அம்மாள் தண்ணீர் வருவதற்குள் மரங்களின் குரோமோசோம்களை எண்ணிவிட முடிவு செய்தார். துணிச்சலான காரியம் ஒன்றில் இறங்கப் போகிறேன் என்று ஒரு கடிதத்தில் எழுதினார், அதில் கொஞ்சம் குறும்பும் இருந்தது.

இப்போ புரியுதா? ஷில்லாங் மலையில் எரிந்துபோன மரத்தின் கணக்கு யாரிடமும் இல்லை. கோயம்புத்தூரில் யாரும் மதிக்காத புல்லில்தான் கரும்பின் பலம் இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் எந்த மரத்தில் எது ஒளிந்திருக்கிறது என்று தெரியாமலே அதைத் தண்ணீருக்குள் விடுவது, படிக்காத புத்தகத்தைப் பரணில் இருந்து எடுத்து அடுப்பில் போடுவது மாதிரி. தவிர, அணை வேண்டும் என்றவர்களிடம் மெகாவாட், ஹெக்டேர், கோடி ரூபாய் என்று எண்கள் இருந்தன. காட்டின் பக்கம் அழகும் இரக்கமும்தான் வாதமாக இருந்தன. இவர் காட்டின் தரப்பிலும் எண்களைக் கொண்டுவரப் போனார்.

வேர் நுனியை வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, லென்ஸுக்கு அடியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய வேலை அது. ஒரே ஒரு தடவை நம்ம பிளஸ் டூ லேப்ல வெங்காய வேரை வெச்சுப் பண்ணினதுக்கே கண்ணு போச்சுன்னு புலம்பினோம். எண்பது வயதில், ஒரு காட்டையே அப்படி எண்ணுவது என்றால்?

போராட்டம் பத்து வருடம் இழுத்தது. 1980இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது, காடு அத்துடன் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மத்திய அரசு நிபுணர் குழு போட்டது. இந்திரா காந்தி யோசிக்க ஆரம்பித்தார். 1983 நவம்பரில் அணைத் திட்டம் கைவிடப்பட்டது.

1984 பிப்ரவரி 7ஆம் தேதி மதுரவாயல் ஆய்வகத்தில் ஜானகி அம்மாள் இறந்தார். கடைசிவரை வேலையில்தான் இருந்தார். அதே வருடம் நவம்பர் 15 அன்று சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த இரண்டு வருடத்துக்குள் முதுமலை, முக்குர்த்தி, வயநாடு எல்லாம் சேர்ந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் அதுவும் ஓர் அங்கமானது.

அட்டப்பாடிக்குப் போகும் வழியில் முக்காலி என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து வனத்துறை ஜீப்பில் இருபத்துமூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் சைரந்திரி. விராட நகரத்தில் திரௌபதி வேலைக்காரியாக மறைந்திருந்தபோது வைத்துக்கொண்ட பெயர் அது, ஆற்றுக்கும் குந்தி பெயர்தான். அணை அங்கேதான் வந்திருக்க வேண்டும். இப்போது இருப்பது ஒரு கண்காணிப்புக் கோபுரம். மேலே ஏறி நின்றால் கீழே மரங்களுக்கு நடுவில் குந்திப்புழை ஒரு கோடாகத் தெரியும், வடக்கே நிமிர்ந்து பார்த்தால் நம்ம ஊட்டி மலையின் பின்பக்கம்.